ஓவன் இல்லாம செய்யுற கிரானோலா பார் ஸ்கூல் போறதுக்குள்ள பொடியா உதிருது, என்ன செய்யலாம்?

கேள்வி: தக்கலை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எனக்க மக ரெண்டாங்கிளாஸ் படிக்கா. காலைல ஏழே முக்காலுக்கு வேன், பத்தே முக்காலுக்கு இன்டர்வெல், மதியத்துக்கு சோறு குடுத்து விட்டுருவேன், அது பிரச்சனை இல்ல, இந்த இன்டர்வெல்லுக்கு என்ன வைக்கதுன்னுதான் தினமும் தலைவலி. பிஸ்கட் பாக்கெட்டே வச்சு வச்சு எனக்கே மனசு கஷ்டமா இருக்கு. அவ கூட படிக்க ஒரு பிள்ள கடையில வாங்கின கிரானோலா பார் கொண்டு வந்திருக்கு, அதப் பாத்துட்டு இவளும் கேக்கா. கடையில விலை பாத்தேன், ஒரு பாருக்கு குடுக்க காசுல கால் கிலோ நிலக்கடலை வாங்கிரலாம் போல இருக்கு, பின்னால திருப்பிப் பாத்தா மொத ரெண்டு மூணு பொருள்லயே சீனிப்பாகு இருக்கு.

சரி நாமளே செய்வோம்னு, எங்க வீட்ல ஓவன் கிடையாது, ஓவன் வேண்டாம்னு போட்டிருந்த ஒரு வீடியோவப் பாத்து செய்தேன். ரெண்டு கப் ஓட்ஸ், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு கைப்பிடி அண்டிப்பருப்பு (முந்திரி), கொஞ்சம் திராட்சை, அரை கப் தேன், எல்லாத்தையும் அப்படியே கலந்து தட்டுல பரத்தி ஃபிரிட்ஜ்ல ராத்திரி முழுக்க வச்சேன். காலைல வெட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு, அழகா நாலு பக்கமும் நேரா வந்துச்சு, எனக்கு அவ்வளவு சந்தோசம். சாயங்காலம் பாக்ஸத் திறந்தா உள்ள ஒரு பார் கூட இல்ல, எல்லாம் உதிரி. "அம்மா, நான் விரல நக்கி நக்கி ஒட்டி எடுத்து தின்னேன்"னு சொல்லுகா. பாவமா போச்சு.

ரெண்டாவது தடவ தேன ஒரு கப்பா கூட்டினேன். அது அதுக்கு மேல, பேப்பர விட்டு வரவே மாட்டேங்குது, கையெல்லாம் பிசுபிசுப்பு, பாக்ஸ மேசைல வச்ச அஞ்சு நிமிஷத்துல எறும்பு. மேல சாக்லேட் உருக்கி ஊத்தினதும் வேன் சூட்டுல பாக்ஸ் மூடில ஒட்டிட்டு.

எனக்கு வேண்டியது இதுதான்: மூணு மணி நேரம் பைக்குள்ள கிடந்தாலும் உடையாம இருக்கணும், பல்லு ஆடுற பிள்ள கடிக்க முடியணும் (முன்பல்லு ரெண்டும் ஆடுது), ரொம்ப இனிக்கவும் கூடாது. செய்து பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.


பதில்: வடசேரி ஸ்நாக்ஸ்

அக்கா, நீங்க எடுத்த பொருள்ல தப்பு இல்ல, பச்சைத் தேன அப்படியே ஊத்தினதுதான் தப்பு. தேன் குளிர்ல கெட்டியாகும், அதான் ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தப்போ நேரா வெட்ட வந்துச்சு, வெளிய வந்து சூடேறினதும் மறுபடி இளகிருது, அப்போ ஓட்ஸப் பிடிச்சு நிறுத்த எதுவுமே இல்ல. நம்ம பொரி உருண்டை பிடிக்கும்போது பாகு காய்ச்சாம வெறும் வெல்லத்தண்ணிய ஊத்தினா உருண்டை நிக்குமா, அதே கதைதான் இது. பேருதான் கிரானோலா, வேலை நம்ம பாகு வேலை.

நான் வீட்ல வச்சு நாலு வருஷமா ஸ்நாக்ஸ் செய்து குடுக்கேன், இந்த பாரும் செய்யுகேன், எனக்க கணக்கச் சொல்லுகேன். ஓட்ஸ் ரெண்டு கப், ரோல்டு ஓட்ஸ்னு கேட்டு வாங்குங்க, இலை இலையா தடிப்பா இருக்கும். மூணு நிமிஷத்துல வேகும்னு போட்டிருக்க பொடி ஓட்ஸ் ஈரத்த சீக்கிரம் குடிச்சு களி மாதிரி ஆகிரும். சீனச்சட்டியில எண்ண ஊத்தாம சிம்ல ஏழெட்டு நிமிஷம் கை விடாம வறுக்கணும், ஓரம் லேசா செவந்து கடலை வறுத்த மாதிரி ஒரு வாசனை வரும், அதுதான் பதம். வறுக்காத ஓட்ஸ் பச்சை மாவு வாசம் அடிக்கும், சீக்கிரம் நமத்தும் போகும். வறுத்ததுல அரை கப் மட்டும் எடுத்து மிக்ஸியில ஒரு சுத்து சுத்தி குருணையா ஆக்கி மறுபடி கலந்துருங்க. இத முக்கால்வாசி பேர் செய்ய மாட்டாங்க, ஆனா முழு ஓட்ஸுக்கு நடுவுல இருக்க சந்த அடைக்கது இந்தக் குருணைதான், சந்து இருந்தா அங்கதான் விரியும்.

அடுத்தது ஒட்டுற சாமான். தேன் அரை கப்புக்கு ஒரு விரல்கடை குறைவா போதும், அதோட அரை கப் நிலக்கடலை வெண்ணெய். கடையில வாங்க வேண்டாம், கால் கிலோ கடலைய வறுத்து தொலிய ஊதிட்டு சூடு இருக்கும்போதே மிக்ஸியில போடுங்க, மொதல்ல பொடியாகும், அப்புறம் கட்டி கட்டியா சுவத்துல அப்பும், இங்க நிறைய பேர் சரியா வரலன்னு எண்ணெய ஊத்திருவாங்க, ஊத்தாதீங்க. கடலையிலயே பாதிக்குப் பாதி எண்ணெய்தான். ஓரத்தத் தள்ளி விட்டு, மிக்ஸிக்கும் ரெண்டு நிமிஷம் ஓய்வு குடுத்து, திரும்ப ஓட்டினா தானா எண்ணெய் விட்டு இளகி தோசமாவு பதத்துக்கு வரும்.

தேனையும் இதையும் சின்ன சட்டியில சேத்து சிம்ல வச்சு, குமிழி குமிழியா கொதி வந்த பிறகு ஒரு ரெண்டு நிமிஷம் கிண்டுங்க, உப்பு ஒரு சிட்டிகை. சட்டியச் சாய்ச்சா சொத்துன்னு ஒண்ணா நகரணும். சூட்டோட ஓட்ஸ், உடைச்ச கடலை அரை கப், அண்டிப்பருப்பு கால் கப், திராட்சை கால் கப், எல்லாம் சின்னதா நறுக்கினது, போட்டு கலக்குங்க. முழுசு முழுசா போட்டா கத்தி அதுல இடிச்சு அந்த எடத்துல பார் பிளந்துரும். அண்டிப்பருப்பு துண்டாவே வாங்குங்க, முழுப்பருப்ப விட விலை நல்லா குறையும், ருசி ஒண்ணுதான்.

இனிதான் முக்கியமான வேலை, அமுக்குறது. கரண்டியால தடவி விட்டா ஆகாது. தட்டுல பட்டர் பேப்பர் விரிச்சு, கலவைய ஒரு விரல் தடிமனுக்குக் கொட்டி, மேல இன்னொரு பேப்பர், அதுக்கு மேல எவர்சில்வர் தம்ளர் அடிப்பாகத்த வச்சு உடம்பு பாரம் குடுத்து அமுக்கணும், மூலையில இருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வாங்க. கை வலிக்கணும், அந்த அளவுக்கு. அப்புறம் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ், நல்லா குளிந்த பிறகு பெரிய கத்தியால ஒரே அமுக்குல வெட்டணும், அறுக்கக் கூடாது, அறுத்தா உதிரும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா பட்டர் பேப்பர்ல இறுக்கிச் சுத்தி சம்படத்துல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுக்கிடுங்க, ஒரு வாரம் தாராளமா இருக்கும். காலைல எடுத்து பைல போட்டா இன்டர்வெல்லுக்கு கடிக்க பதமா இளகி இருக்கும், ஆடுற பல்லுக்கும் ஒண்ணும் செய்யாது.

சாக்லேட்ட விட்டுருங்க அக்கா, அது உடம்புச் சூட்டுக்கே உருகுற பொருள், நம்மூர் வேனுக்குள்ள எப்படி நிக்கும்.


தக்கலை அம்மா:

ரொம்ப நன்றிம்மா, இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. ஒரு சந்தேகம், தேன சூடாக்கக் கூடாது, விஷமாயிரும்னு எங்க மாமியார் சொல்லுகாங்க. அவங்க முன்னால தேன அடுப்புல வைக்க எனக்கு பயமா இருக்கு. இது உண்மையா?


பதில்: தேனீப்பெட்டி, மார்த்தாண்டம் பக்கம்

சகோதரி, எனக்கு முப்பது பெட்டி இருக்கு, அப்பா காலத்துல இருந்து தேனீ வளப்புதான், அதனால இதுக்கு நான் பதில் சொல்லலாம்னு நினைக்கேன். தேன சூடாக்கக் கூடாதுங்கது ஆயுர்வேதத்துல சொல்லியிருக்கது, உங்க மாமியார் சும்மா சொல்லல. நவீன கணக்குல பாத்தா ரெண்டு நிமிஷம் சூடாக்கினா வாசனையும் அதுல இருக்க என்சைமும் குறையும், அதுக்காக விஷமாகாது. எங்கள்ட்ட வாங்குறவங்ககிட்ட நான் சொல்லுகது, மருந்துக்கு சாப்பிடுற தேன சூடாக்காதீங்க, பலகாரத்துக்கு ஊத்துறது வேற. வீட்ல பெரியவங்களுக்கு மனசுக்குப் பிடிக்கலன்னா அத மீறி செய்யவும் வேண்டாம், கருப்பட்டியில செய்யலாம், தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

ஆனா நான் எழுத வந்தது வேற ஒண்ணு. உங்க ரெண்டாவது தடவ பிசுபிசுத்துப் போனதுக்கு அளவு மட்டும் காரணம் இல்ல, தேனே தண்ணியா இருந்திருக்கும். நம்ம பக்கம் பெரிய தேன் வரத்து ரப்பர்ல இருந்துதான், அதுவும் பூவுல இல்ல, இலை உதிர்ந்து புதுக்கொழுந்து விடும்போது இலைக்காம்புல சின்னதா தேன்சுரப்பி இருக்கும், அதுல ஊறுகதத்தான் தேனீ எடுக்கும். தை மாசியில இருந்து பங்குனி வரைக்கும் அந்த சீசன். அப்போ எடுக்குற தேன்லயும் அடைய மெழுகு வச்சு மூடினதுக்கு அப்புறம் எடுத்தா கெட்டி. அவசரப்பட்டு மூடாத அடையச் சுத்தி எடுத்தா தண்ணி. மழ நேரத்துல எடுத்ததும் அப்படித்தான். நம்ம நாட்டுத் தேனீக்க தேனே பொதுவா கொஞ்சம் இளக்கம், அதுல இதுவும் சேந்தா எந்தப் பலகாரமும் நிக்காது. 2023-ல மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு கிடைச்சதுக்கு அப்புறம் பேர் சொல்லி விக்கவங்க நிறைய ஆயிட்டாங்க, அதனால பேரப் பாக்காதீங்க, பாட்டில கவுத்துப் பாருங்க, உள்ள இருக்க காத்துக்குமிழி மெதுவா, சோம்பல் பட்டு மேல ஏறணும். சட்டுனு ஓடினா அது இளக்கம்.

அடியில சீனி மாதிரி உறைஞ்சிருந்தா கலப்படம்னு தூரப் போட வேண்டாம், தேன் உறையுறது அதுக்க இயல்பு. வெந்நீர்ல பாட்டில வச்சா இளகிரும்.

பின்ன ஒரு விஷயம், வீட்ல ஒரு வயசு நிறையாத கொச்சுப்பிள்ள இருந்தா அக்கா தின்னுகதப் பாத்து அதுக்கும் ஒரு துண்டு குடுத்துராதீங்க. ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது, சூடாக்கினாலும் கூடாது.


பதில்: திங்கள்சந்தை மாமி

மக்களே, நான் எனக்க பேரப்பிள்ளைக்கு செய்து குடுக்கத சொல்லித்தாறேன். எனக்கு இந்த டைப் பண்ண எல்லாம் தெரியாது, எனக்க மருமவ பக்கத்துல இருந்து எழுதுகா, பிழை இருந்தா பொறுத்துக்கிடு.

ஓட்ஸ் எதுக்கு பிள்ளே, நம்ம சிவப்பு அவல் இல்லியா. கெட்டி அவலா ரெண்டு கப்பு எடுத்து சீனச்சட்டியில சின்னத் தீயில வறுக்கணும், அவல் லேசா பொரிஞ்சு வெளுத்து வரும், ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நெரிச்சா நெறுக்குன்னு பொடியணும், வளைஞ்சா இன்னும் வறுக்கணும். பாதி அவல ஒண்ணு ரெண்டா பொடிச்சுக்கிடு. தேங்கா கால் கப்பு துருவி அது செவந்து எண்ணெய் வாசம் வந்து கையில ஒட்டாம சலசலன்னு ஆகுத வரைக்கும் வறுக்கணும், இதுல மடி பிடிக்கக் கூடாது, தேங்கால ஈரம் கிடந்தா மறுநாளே ஊசிப்போயிரும். எள்ளு ரெண்டு கரண்டி, நிலக்கடலை அரை கப்பு உடைச்சது.

கருப்பட்டி 200 கிராம் தட்டி கால் கப்பு தண்ணியில கரைச்சு வடிகட்டணும். கட்டாயம் வடிக்கணும் பாத்துக்க, மண்ணும் சுண்ணாம்பும் அடியில கிடக்கும், அக்கானி (பதநீர்) புளிக்காம இருக்க கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்க இல்லியா, அது. வடிச்சத காய்ச்சி, ஒரு கிண்ணத்துல பச்சத்தண்ணி எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாரு. கரைஞ்சு ஓடினா பதம் வரல. விரலால கூட்டினா மெழுகு மாதிரி உருண்டு வந்தா அதுதான் உனக்கு வேண்டிய பதம், அப்பவே இறக்கிரு. அதுக்கு மேல விட்டா டங்குன்னு கல்லு மாதிரி ஆகும், அது கடலை மிட்டாய்க்கு உள்ள பதம், பல்லு ஆடுற பிள்ளைக்கு ஆகாது. சுக்கும் ஏலமும் பொடிச்சுப் போட்டு ஒரு கரண்டி நெய் விட்டு அவலக் கொட்டிக் கிளறி நெய் தடவின தட்டுல அமுக்கணும். அந்த வடசேரிப் பிள்ள சொன்ன தேன் பார் குளிந்த பிறகு வெட்டணும், சரி. இது அப்படி இல்ல, சூட்டோட கத்திய நெய்யில தொட்டு கோடு போட்டுரணும், ஆறின பிறகு வெட்டப் போனா தாறுமாறா உடையும். முழுசா ஆறின பிறகுதான் சம்படத்துல போட்டு மூடணும். சூடா மூடினா மூடி வேர்த்து அந்தத் தண்ணி சொட்டி எல்லாம் நமத்துரும்.

ஃபிரிட்ஜ் வேண்டாம். மழ நேரத்துல மட்டும், நமக்கு ஆனி ஆடியிலயும் மழ, ஐப்பசி கார்த்திகையிலயும் மழ, அப்போ கருப்பட்டி காத்துல இருக்க ஈரத்த இழுக்கும், அந்த நாள்ல மூணு நாளைக்கு உள்ளது மட்டும் செய்தா போதும். எங்க அம்மைக்க காலத்துல கருப்பட்டிய பரண்ல அடுப்புப் புகை படுத எடத்துலதான் வச்சிருப்பாங்க.

உனக்க மாமியார்ட்ட பதம் பாக்கச் சொல்லு மக்களே, அவங்களுக்கு தெரியாம இருக்காது.


பதில்: கருங்கல் அப்பா

எல்லாரும் நல்ல விவரமா சொல்லிட்டாங்க. நான் ஒரு விஷயத்த மட்டும் சொல்லிட்டுப் போறேன், தயவுசெய்து யாரும் தப்பா எடுக்க வேண்டாம். எனக்க மகனுக்கு நிலக்கடலை அலர்ஜி. யூகேஜி படிக்கும்போது பக்கத்துல இருந்த பிள்ள அன்பா ஒரு துண்டு கடலை உருண்டை குடுத்திருக்கு, இவனும் வாங்கித் தின்னுருக்கான். கொஞ்ச நேரத்துல உதடு தடிச்சு, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருக்கு. ஸ்கூல்ல இருந்து ஃபோன் வந்து, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய், ஊசி போட்டு, சரியாச்சு. அந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் கிடையாது, பகிர்ந்து தின்னணும்னு நாமதான சொல்லிக் குடுக்கோம். ஆனா அன்னைக்கு ஆட்டோவுல அவன மடியில வச்சுட்டு போன பத்து நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கல.

அதனால கடலை போட்டு எது குடுத்து விட்டாலும் கிளாஸ் டீச்சர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க, கிளாஸ்ல யாருக்காவது ஒத்துக்காதான்னு. இருந்தா, நாங்க வீட்ல செய்யுறது இது: கடலை வெண்ணெய்க்குப் பதிலா பொரிகடலைய லேசா வறுத்து மாவா பொடிச்சு, நெய் விட்டுக் குழைச்சு, மாமி சொன்ன கருப்பட்டிப் பாகோட சேத்தா நல்லாவே பிடிக்கும், கொஞ்சம் மாலாடு ருசி வரும். சிலருக்கு பொரிகடலை, எள்ளு, அண்டிப்பருப்பும் ஒத்துக்காது, அதனால நம்ம மனசுக்குத் தோணினத மாத்திப் போடாம அந்தப் பிள்ளைக்க வீட்ல கேக்கதுதான் சரி. எங்க வீட்ட யாராவது கேட்டா எனக்கு அவ்வளவு ஆறுதலா இருக்கும், தொந்தரவுன்னு ஒருநாளும் நினைக்க மாட்டேன்.

சின்ன தம்பி தங்கச்சி இருந்தா முழுக் கடலை, முழு அண்டிப்பருப்பு போட்டதக் குடுக்காதீங்க, தொண்டையில அடைக்கும். பொடிச்சே போடுங்க.


தக்கலை அம்மா:

அண்ணே, நீங்க எழுதினதப் படிச்சிட்டு மொத வேலையா டீச்சருக்கு ஃபோன் பண்ணினேன். எங்க பிள்ளைக்க கிளாஸ்ல ஒரு பையனுக்கு கடலை ஒத்துக்காதாம். ஒரு வருஷமா அதே கிளாஸ்ல படிக்கா, எனக்குத் தெரியாது. அவங்க அம்மா நம்பர் வாங்கிப் பேசினேன், பொரிகடலையும் எள்ளும் அவனுக்கு பிரச்சனை இல்லன்னு சொன்னாங்க. அதனால ஸ்கூலுக்கு கடலையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், வடசேரி தங்கச்சி சொன்ன பார சனி ஞாயிறு வீட்ல தின்ன செய்துக்கிடுவேன்.

நேத்து மாமி சொன்ன மாதிரி சிவப்பு அவல்ல, நிலக்கடலைய விட்டுட்டு அண்ணன் சொன்ன பொரிகடலை மாவு சேத்து செய்தேன். எங்க மாமியார்ட்ட பதம் பாத்துத் தாங்கன்னு கேட்டேன். முட்டுவலிக்காரங்க, அடுக்களைக்கே வராதவங்க, ஸ்டூலப் போட்டு அடுப்பு பக்கத்துல இருந்து கிண்ணத்துல ஒவ்வொரு சொட்டா விட்டு விரலால உருட்டிப் பாத்துட்டு, நாலாவது சொட்டுல "இறக்கு"ன்னு சொன்னாங்க. அப்புறம் அந்த உருண்டைய பேத்திக்க வாயில போட்டாங்க.

நல்லா பிடிச்சிருக்கு, வெட்டும்போதும் உடையல, ஆனா இன்னைக்கு காலைல எடுத்துப் பாத்தா ஓரத்துல உள்ள துண்டுக மட்டும் லேசா உதிருது, நடுவுல உள்ளதெல்லாம் சரியா இருக்கு. அது எதனால?


வடசேரி ஸ்நாக்ஸ்:

ஓரத்துல அமுக்கு பத்தல அக்கா, எல்லாருக்கும் வரதுதான். தட்டு ஓரம் சரிவா இருக்கும், தம்ளர் அங்க முழுசா உக்காராது. கலவைய தட்டு முழுக்கப் பரத்தாம ஒரு பக்கமா சதுரமா கூட்டி, திறந்து கிடக்க பக்கத்துல சப்பாத்திக் கட்டைய முட்டுக் குடுத்து, கட்டையால உள்பக்கமா தள்ளிட்டே மேல இருந்து அமுக்குங்க. ஓரமும் நடு மாதிரியே இறுகிரும். இப்போ உதிர்ந்தத வீணாக்க வேண்டாம், பாலுல போட்டு தின்ன நல்லா இருக்கும்.

அந்தப் பையனுக்க அம்மாட்ட நீங்க பேசினது ரொம்ப நல்லதுக்கா.


திங்கள்சந்தை மாமி:

கொள்ளாம் மக்களே. அடுத்த தடவ சுக்கு கொஞ்சம் கூட்டிப் போடு, இப்போ மழ தொடங்கப் போவுது, சளிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க.


தக்கலை அம்மா:

சரி மாமி, போடுகேன். இன்னைக்கு பாக்ஸ் காலியா வந்துச்சு. ரெண்டு துண்டு வச்சிருந்தேன், ஒண்ணு இவ தின்னாளாம், ஒண்ணு அந்தப் பையனுக்குக் குடுத்தாளாம். அவங்க அம்மா சாயங்காலம் ஃபோன் பண்ணி எப்படி செய்யுறதுன்னு கேட்டாங்க, இந்தத் திரிய அப்படியே அனுப்பி விட்டிருக்கேன்.